மூன்றாவது கீச்சு

ராக்கோழி வாங்கிவந்த முதல் மோட்டார், குளியலறை வாளியில் இருந்த தண்ணீரில் பாதியை மேற்கூரைக்கும் மீதியை அவன் முகத்துக்கும் அனுப்பிவைத்தது. ஓடு என்று அவன் சொல்லவே இல்லை. கையிலிருந்த, மோட்டாரை ஓட்டும் பெட்டியில் பிடி நடுவில்தான் நின்றது. நடு என்றால் நில் என்று அவன் நினைத்திருந்தான். மோட்டாருக்கு உத்தரவு போடும் கன்ட்ரோலர் அப்படி நினைக்கவில்லை. அதன் கணக்கில் நடு என்றால் பாதி வேகம்.

கதவுக்கு வெளியே மனைவியின் குரல் கேட்டது.

"குளிக்கிறீங்களா, குளியலறையைக் குளிப்பாட்டுறீங்களா?"

"மோட்டார் நிக்க மாட்டேங்குது."

"வேலையை விட்டு நிக்கத் தெரிஞ்சவருக்கு மோட்டாரை நிறுத்தத் தெரியலையா?"

அவன் பேட்டரிக் கம்பியைப் பிடுங்கினான். மோட்டார் நின்றது. மேற்கூரை சொட்டிக்கொண்டிருந்தது.

ராக்கோழி என்பது வீட்டார் வைத்த பெயர். பாட்டில் தொழிற்சாலையில் பல வருஷம் இரவு ஷிப்ட் பார்த்தவன். ஒரு நாள் பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே கையுறையைக் கழற்றிப் பெட்டிமேல் வைத்தான், சிவப்புப் பொத்தானை அடித்து எல்லாவற்றையும் நிறுத்தினான், வெளியே வந்துவிட்டான். ஏன் என்று கேட்டவர்களிடம் "போதும்" என்றான். இப்போது மின்விசிறி, பம்பு, தண்ணீர் சூடாக்கும் கருவி என்று வருவதைப் பழுதுபார்க்கிறான். ஷிப்ட் போய்விட்டது, தூக்கம் திரும்பி வரவில்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

வாளி, மோட்டார் எல்லாம் மச்சானுக்காக. மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். தண்ணீரில் முங்கி வேலை செய்பவர். தொட்டி, கிணறு, நீரேற்று நிலையக் குளம், எங்கே அடைத்துக்கொண்டாலும் இறங்கி எடுத்துவிடுவார். போன தடவை மேலே வந்தபோது வலது காதில் ரத்தம் வந்தது என்றார். டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, இனி ஒரு தடவை ஆழத்துக்குப் போனால் காதை மறந்துவிடுங்கள் என்றாராம். "அந்த டாக்டர் எந்தக் குளத்துல முங்கினாராம்?" என்று கேட்டதோடு மச்சான் அந்தப் பேச்சை முடித்துக்கொண்டார். அடுத்த மாதம் நீரேற்று நிலையக் குளத்தின் அடியில் பம்பு வாயில் இருக்கும் சல்லடை அடைத்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். வருஷா வருஷம் அவர் செய்யும் வேலை. வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

"அண்ணன்கிட்ட சொல்றதெல்லாம் செவிடன் காதுல ஊதின சங்கு" என்றாள் மனைவி. "நீங்க சும்மாதானே உக்காந்திருக்கீங்க. கீழ போய் படம் பிடிச்சுட்டு வர மாதிரி ஏதாச்சும் செய்யுங்க. அந்த மனுஷன் இனிமே இறங்கக் கூடாது."

மச்சான் இதற்குச் சம்மதித்ததே ஆச்சரியம். ஆனால் சும்மா சம்மதிக்கவில்லை.

"செஞ்சு கொண்டா மாப்ள. உன் மிஷின் வேலையை முடிச்சா நான் இறங்கல. பாதில படுத்துடுச்சுன்னா பேசாம வழியை விட்டுடணும்."

"சரி மச்சான்."

"தங்கச்சி கண்ணைக் கசக்குனா?"

"அதை நீங்க பாத்துக்குங்க."

ஈரச் சட்டையோடு ராக்கோழி மறுபடியும் கடைக்குப் போனான். பறக்கும் பொம்மைகளுக்கு உதிரிபாகம் விற்கும் மாடிக் கடை அது. கடைக்காரர் மோட்டாரை வாங்கிக் குலுக்கினார். உள்ளேயிருந்து தண்ணீர் வந்தது.

"எந்த ட்ரோனுக்குன்னு சொன்னீங்க?"

"நான் சொல்லல, நீங்க கேக்கல. தண்ணிக்குள்ள ஓடுறதுக்கு."

கடைக்காரர் மோட்டாரைத் துணியில் துடைத்தார். வியாபாரத்தில் அவர் இதைவிட மோசமானதையெல்லாம் கேட்டிருப்பார் போல.

"இது காத்துக்கு உள்ள மோட்டார். காத்துல விசிறி சுத்துறது கையை வீசுற மாதிரி. தண்ணில சுத்துறது மாவு பிசையுற மாதிரி. வீசுற கையைக் கொண்டுபோய் மாவுல விட்டா சுருள் வெந்துடும்." கீழ் இழுப்பறையிலிருந்து குட்டையாக, தடியாக ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். "இதுல எழுதியிருக்குற நம்பரைப் பாருங்க. ஒரு வோல்டுக்கு எத்தனை சுத்துன்னு அர்த்தம். நம்பர் கம்மியா இருக்கா? மெதுவா சுத்தும், ஆனா பிடிச்சா விடாது."

"தண்ணி உள்ள போகுமே?"

"போகட்டும். இதுல பிரஷ் கிடையாது, உரசுற கரி கிடையாது. கம்பிமேல வார்னிஷ் இருக்கு. நீங்களும் இன்னொரு பூச்சு பூசிக்குங்க. துருப்பிடிச்சுச் சாகுறது பேரிங்தான்."

"செத்தா?"

"மாத்தணும். நமக்குத்தான் அந்த வசதி இல்ல."

கன்ட்ரோலர் விஷயத்தில் கடைக்காரர் இன்னும் தெளிவாக இருந்தார். பறக்கிறதுக்குப் போடுவது ஒரு பக்கம்தான் சுற்றவைக்கும், தண்ணீருக்குள் பின்னாலும் வர வேண்டும், அதனால் பொம்மைப் படகுக்குப் போடுவதை எடுத்துக்கொள் என்றார். அதற்கு நடு எது என்று பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டும். பிடியை முன்னால் முழுக்கத் தள்ளினால் ஒரு கீச்சு. பின்னால் முழுக்க இழுத்தால் இரண்டு. நடுவில் கொண்டுவந்து அசையாமல் பிடித்தால் மூன்று.

"மூணு வந்தா பாடம் ஏறிடுச்சுன்னு அர்த்தம். ஏறலைன்னா நிறுத்தாம கத்தும். கன்ட்ரோலருக்கு வாய் கிடையாது. மோட்டார் சுருளையே அதிரவெச்சு அது வழியா கத்தும். காதைக் கிழிச்சுடும்."

"நடுவைக் கத்துக்காம விட்டா?"

"முகத்தைத் தொடைச்சுட்டுத்தானே வந்தீங்க?"

மூன்று மோட்டார், மூன்று கன்ட்ரோலர். கையிருப்பாக ஒரு ஜோடி. வீட்டுக்கூடத்தில் பிளாஸ்டிக் குழாயை அறுத்துச் சட்டம் கட்டினான். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, ஏறி இறங்க நடுவில் ஒன்று. கன்ட்ரோலர்களையும் பேட்டரியையும் கேமராவையும் கண்ணாடி மாதிரித் தெரியும் ஒரு குழாய்க்குள் வைத்து இரு முனையையும் இறுக்கி மூடினான். வெளியே நீளமாக ஒரு கேபிள். அதன் மறுமுனையில் மூன்று பிடி உள்ள பெட்டியும் ஒரு திரையும் ஒரு மெயின் சுவிட்சும்.

மச்சான் தினமும் வந்து பார்த்தார். வந்தால் ஒரே இடத்தில்தான் உட்காருவார், சுவர் வலப்பக்கம் இருக்கும்படி. ராக்கோழி பேசும்போது அவன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். இவ்வளவு கவனமாக யாரும் தன் பேச்சைக் கேட்டதில்லை என்று ராக்கோழிக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமை.

"இது ஏன் தலைகீழா சுத்துது?"

"மோட்டாருக்கு மூணு கம்பி மச்சான். எந்த ரெண்டை இடம் மாத்தினாலும் எதிர்ப்பக்கம் சுத்தும்."

"எந்த ரெண்டுன்னாலுமா?"

"எந்த ரெண்டுன்னாலும்."

"நல்ல குடும்பம்" என்றார் மச்சான். "இங்கயும் மூணு பேர்தான். ரெண்டு பேர் ஒண்ணா சேந்துட்டு என்னைத் தலைகீழா சுத்தவிடுறீங்க."

மொட்டைமாடித் தொட்டியில் சோதனை வைத்தார்கள். வெயில் கண்ணைக் கூசவைத்ததால் திரையை மேலே வைக்க முடியவில்லை. பெட்டியோடு ராக்கோழி கீழே அறையில் உட்கார்ந்தான், கேபிள் சன்னல் வழியாக மேலே போனது. தொட்டிக்குப் பக்கத்தில் மச்சான் நின்றார். ஒவ்வொரு மோட்டாராகப் பாடம் நடந்தது. ராக்கோழி பிடியைத் தள்ளிவிட்டுக் கத்துவான்.

"எத்தனை?"

"ஒண்ணு!"

"இப்போ?"

"ரெண்டு!"

"இப்போ?"

"மூணு!"

மூன்று மோட்டாருக்கும் மச்சான் தயங்காமல் ஒன்று, இரண்டு, மூன்று சொன்னார். பிறகு முன்னால் ஓட்டினான், பின்னால் ஓட்டினான், ஏற்றினான், இறக்கினான். எல்லாம் ஓடின. நிறுத்த வேண்டிய ஒவ்வொரு தடவையும் அவன் கை தானாக மெயின் சுவிட்சை அடித்தது. தொழிற்சாலைப் பழக்கம். ஓடுகிறதா என்று இருவரும் பார்த்தார்கள். நிற்கிறதா என்று யாருமே பார்க்கவில்லை.

ஒரே குறை, வண்டி தண்ணீரில் மூக்கைத் தூக்கிக்கொண்டு மிதந்தது.

"முன்னாடி கனம் வேணும் மச்சான். உங்க பெல்ட்டுல ஈயக்கட்டி இருக்குல்ல, ரெண்டு குடுங்களேன்."

முங்குகிறவர்கள் இடுப்பில் ஈயம் கோத்த பெல்ட் கட்டுவார்கள். அது இல்லாவிட்டால் உடம்பு மேலேயே மிதக்கும். மச்சான் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"என் அரைஞாணை அவுக்கச் சொல்ற. வேற ஏதாச்சும் கட்டிக்க."

ராக்கோழி துருப்பிடித்த போல்ட்டுகளை ஒரு துணிப்பையில் போட்டு முன்பக்கம் கட்டினான். மூக்கு பாதி இறங்கியது.

நீரேற்று நிலையக் குளம் நாலு ஆள் ஆழம். பொறியாளர் அம்மா பம்புகளை நிறுத்திவிட்டுக் கரையில் நின்றார். மதியத்துக்குள் திரும்பப் போடாவிட்டால் பாதி ஊர்க் குழாயில் காற்றுதான் வரும் என்றார். மச்சான் வண்டியைக் குழந்தையை இறக்குவதுபோலத் தண்ணீரில் இறக்கினார். தோளில் பெல்ட் தொங்கியது. எதற்கு என்று ராக்கோழி கேட்கவில்லை. பேசிக்கொண்டதுதானே.

வண்டி நன்றாகத்தான் போனது. பாசி, சேறு, கலங்கல், ஒரு செருப்பு, பிறகு ஏணிக்கம்பம். கம்பத்துக்கு அந்தப் பக்கம் சல்லடை. படத்தைப் பார்க்கலாம் என்று ராக்கோழி எல்லாப் பிடிகளையும் நடுவில் விட்டான்.

வண்டி நிற்கவில்லை. இடப்பக்க மோட்டார் மட்டும் மெல்ல ஓடிக்கொண்டே இருந்தது. திரையில் கம்பம் வந்தது, போனது, மறுபடி வந்தது. மெயின் சுவிட்சை அடித்தான். திரை கறுத்தது. திரும்பப் போட்டான். கம்பம் கேமராவில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றது. கேபிள் அதைச் சுற்றிக்கொண்டுவிட்டது.

"படுத்துடுச்சா?" என்றார் மச்சான்.

"சிக்கிடுச்சு."

"ரெண்டும் ஒண்ணுதான்." அவர் சட்டையைக் கழற்ற ஆரம்பித்தார்.

ராக்கோழி பெட்டியைப் பார்த்தபடியே கேட்டான். "மச்சான், மாடில இடப்பக்க மோட்டாருக்கு மூணாவது பாடத்துல மூணு கீச்சு வந்துச்சா?"

"வந்துச்சுன்னுதான் சொன்னேனே."

"வரலைன்னா நிறுத்தாம கத்தியிருக்கும்."

"கத்தல." பெல்ட்டை இடுப்பில் சுற்றிக் கொக்கியைத் தேடினார். "வழியை விடு மாப்ள. பேச்சு பேச்சா இருக்கணும்."

ராக்கோழி பைக்குள் கைவிட்டு, கையிருப்பு மோட்டாரையும் கன்ட்ரோலரையும் எடுத்தான். மச்சானின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து பேட்டரியை மாட்டினான். பெட்டியோடு தொடர்பு இல்லாத கன்ட்ரோலர் ஆள் தேடிக் கத்தும். கத்தியது. கீச்சு, கீச்சு, கீச்சு என்று ஓயாமல் கத்தியது. கம்பிவேலிமேல் இருந்த பறவைகள் எழுந்து பறந்தன. அந்தக் கோடியில் நின்ற பொறியாளர் அம்மா காதைப் பொத்திக்கொண்டு திரும்பினார்.

"என்னங்க அது? காது கூசுது!"

மச்சான் கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மா காதைப் பொத்தியதைப் பார்த்தார். பிறகு அந்த அம்மாவின் பார்வை போன திசையில் திரும்பினார். ராக்கோழியின் கையில் இருந்ததைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எத்தனை மச்சான்?" என்று கேட்டான் ராக்கோழி.

அவன் பேட்டரியைக் கழற்றினான்.

"வலது காது போன வருஷமே போயிடுச்சு" என்றார் மச்சான். வானிலை சொல்வதுபோலச் சொன்னார். "இடதுல பேச்சு கேக்குது. குருவி கேக்குறது இல்ல. ஊருல குருவியே இல்லாமப் போச்சுன்னு நினைச்சேன். மத்தவங்களைக் கேட்டா இருக்குன்னாங்க."

"அப்போ மாடில?"

"வரிசை தெரியும்ல. ஒண்ணு, ரெண்டு, மூணு."

ராக்கோழிக்குக் கோபம் வரும் என்று அவர் காத்திருந்தார். அவனுக்கு வரவில்லை. பிடியை நடுவில் விட்டு ஒரு தடவையாவது பார்த்திருந்தால் அவனுக்கே தெரிந்திருக்கும். அவன் சுவிட்சை அடித்தான், இவர் வரிசையை ஒப்பித்தார். ஆளுக்குப் பாதி.

"டாக்டருக்குத் தெரியுமா?"

"அந்தாளு இடது காதைத்தான் மறந்துடுன்னாரு. உங்ககிட்டல்லாம் வலதுன்னு சொல்லிவெச்சேன்."

"இடதும் போயிடும்."

"போனா போகட்டும். உன் வியாக்கியானம் கேக்க வேண்டாம்."

"சரி, இறங்குங்க" என்றான் ராக்கோழி. "உங்க கயிறை யாரு பிடிக்கிறது?"

மச்சான் சுற்றிலும் பார்த்தார். வழக்கமாகத் தன் இடுப்புக் கயிற்றைக் கரையிலிருந்து பிடிக்கும் கூட்டாளியை அவர் இன்று கூப்பிடவில்லை. இறங்கும் நாள் இல்லையே.

"நீ பிடி."

"எனக்கு நீச்சல் தெரியாது. மூணு இழுப்புன்னா என்ன, நாலு இழுப்புன்னா என்ன?"

"மூணுன்னா மேல தூக்கு. நாலுன்னா ஆபத்து."

"நான் எண்ணுறப்போ தப்பு வரும் மச்சான். நம்ம குடும்பத்துல எண்ணுறவங்க லட்சணம் இப்போதானே தெரிஞ்சுது."

மச்சானின் வாய் ஒரு ஓரமாகக் கோணியது. அதைச் சிரிப்பு என்று சொல்ல முடியாது.

"கேபிளை நீங்க பிடிங்க" என்றான் ராக்கோழி. "எந்தப் பக்கம் சுத்தியிருக்குன்னு சொல்லுங்க. நான் ஓட்டுறேன். அதுக்கும் வரலைன்னா இறங்குங்க, நான் குறுக்க வர மாட்டேன்."

பெல்ட்டைக் கழற்றாமலேயே மச்சான் கரையின் விளிம்பில் குந்தினார். கேபிளை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்தார். லேசாக இழுத்தார், விட்டார், திரும்ப இழுத்தார். கண்ணை மூடிக்கொண்டார். எத்தனையோ வருஷமாகக் கயிற்றின் அந்த முனையில் இருந்தவர், இந்த முனைக்கு இப்போதுதான் வந்திருக்கிறார்.

"வலப்பக்கமா சுத்தியிருக்கு. ரெண்டு சுத்து, இன்னொரு பாதி."

ராக்கோழி இடப்பக்கப் பிடியை மயிரிழை மயிரிழையாகப் பின்னால் இழுத்தான். ஒரு இடத்தில் திரையில் சேறு பறப்பது அடங்கியது. அதுதான் அந்த மோட்டார் தன் மனதில் வைத்திருந்த நடு. பிடி அங்கேயே நிற்க ஒரு தீக்குச்சியைச் செருகினான். பிறகு வலப்பக்க மோட்டாரை மெல்லத் தள்ளினான். வண்டி இடப்பக்கமாகக் கம்பத்தைச் சுற்றியது. திரையில் கலங்கல் தவிர எதுவும் தெரியவில்லை.

"விடு. இன்னும். இன்னும். அவசரப்படாத, அது எங்கயும் ஓடிடாது."

"இப்போ?"

"உரசுது. கொஞ்சம் மேல ஏத்து. ஆங். இன்னும் அரை சுத்து." மச்சானின் விரல்கள் சட்டென்று தளர்ந்தன. "விட்டுடுச்சு."

பொறியாளர் அம்மா திரைக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார். சல்லடை தெரிந்தது, மேல்பாதி மட்டும். கீழ்ப்பாதியைக் காட்டச் சொன்னார். ராக்கோழி இறக்கிப் பார்த்தான். வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலேயே பார்த்தது.

"கீழ்ப்பாதியிலதாங்க குப்பை அடையும்" என்றார் அந்த அம்மா. "அது தெரியலைன்னா பம்பைப் போட முடியாது. ஆள் இறங்கித்தான் ஆகணுமா?"

மச்சான் கேபிளை இழுத்து வண்டியைக் கரையேற்றினார். துணிப்பையை அவிழ்த்துப் போல்ட்டுகளை ஓரமாகக் கொட்டினார். பிறகு இடுப்புக் கொக்கியைத் தட்டினார். பெல்ட் கனமாகத் தரையில் விழுந்தது.

"எத்தனை வேணும்?"

"ரெண்டு."

இரண்டு ஈயக்கட்டிகளை உருவினார். யோசித்து, மூன்றாவதையும் உருவினார். மிச்சக் கட்டிகள் பெல்ட்டின் ஒரு முனைக்குச் சரிந்தன. அதை வைத்து ஒரு நாய்க்குட்டிகூட முங்க முடியாது.

"தங்கச்சிகிட்ட காதைப் பத்திச் சொல்லாத."

"கேட்டா சொல்லுவேன்."

"நீ ஒரு நாளும் பொய் சொல்லிப் பாத்ததில்ல மாப்ள. அதான் உன்னால எந்த வேலைலயும் நிக்க முடியல."

கட்டிகளை முன்பக்கம் கயிற்றால் இறுக்கியதும், இடப்பக்க மோட்டாருக்குப் பாடம் மறுபடியும் தொடங்கியது. ராக்கோழி தீக்குச்சியை எடுத்துவிட்டுப் பெட்டியோடு தள்ளி உட்கார்ந்தான். மச்சான் வண்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, விசிறிக்குப் பின்னால் மோட்டாரின் அடியில் இரண்டு விரல்களை வைத்தார். யாரும் சொல்லித்தரவில்லை.

பிடி முன்னால் போனது.

"ஒண்ணு" என்றார் மச்சான்.

பின்னால் வந்தது.

"ரெண்டு."

நடுவில் நின்றது. மோட்டார் ஓயாமல் கத்தியது. பொறியாளர் அம்மா வாயைத் திறந்தார். ராக்கோழி கையைக் காட்டி நிறுத்தினான்.

"இது மூணு இல்ல" என்றார் மச்சான், விரலை எடுக்காமல். "கண்டபடி துடிக்குது. உன் கை ஆடுது மாப்ள, ஒழுங்காப் பிடி."

முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். இந்தத் தடவை ராக்கோழி பிடியை நடுவில் வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

"மூணு" என்றார் மச்சான்.

வண்டி மூக்கைக் கீழே போட்டுக்கொண்டு இறங்கியது. நிறுத்திய இடத்தில் நின்றது. பொறியாளர் அம்மா சல்லடையின் அடிவரை பார்த்து, ஓர் ஓரத்தில் சிக்கியிருந்த பிளாஸ்டிக் தாளைப் படம் எடுத்துக்கொண்டு, அது பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் பம்பைப் போடப் போனார்.

ராக்கோழியின் போன் அடித்தது. மனைவி.

"என்னாச்சு?"

"முடிஞ்சுது."

"அண்ணன் எங்க?"

"கரையில. கேபிளைப் பிடிச்சு வண்டியை மேல இழுத்துட்டு இருக்காரு."

"கரையிலயா?" என்றாள். அவள் நம்பவில்லை என்று தெரிந்தது.

"காலைல பெல்ட்டை எடுத்துட்டுப் போனாரே, நான் பாத்தேன். அதைக் கட்டலையா?"

ராக்கோழி தண்ணீரைப் பார்த்தான். மச்சான் இழுக்க இழுக்க, வண்டி மூன்று ஈயக்கட்டிகளோடு மெல்ல மேலே வந்துகொண்டிருந்தது.

"மிஷின் கட்டியிருக்கு" என்றான்.